கேசட் இல்லாத ஆட்டம்

தொண்ணூறுகளில் திருச்சியில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு வீடியோ கேம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஊதுவதுதான். டிவியில் கோடு கோடாக வந்தால் கேசட்டைக் கழற்று, அடிப்பக்கத்துப் பற்களில் ஊது, மறுபடி அழுத்திச் செருகு. அநேகமாகச் சரியாகிவிடும். சரியானது ஊதியதால் அல்ல. கழற்றி மாட்டும்போது கேசட்டின் உலோகப் பற்கள் உள்ளே இருக்கும் பற்களோடு உரசிப் புதிதாகத் தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். மூச்சோடு போன ஈரம் நாளடைவில் அந்தப் பற்களை அரித்தது. ஆனாலும் ஊதாமல் மாட்டிய பிள்ளை தெருவில் ஒன்றுகூட இருந்திருக்காது.

'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்த அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள். அதே ஆட்டங்கள் இன்று திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நிற்பவரின் போனில், பிரவுசரின் ஒரு பக்கமாக ஓடுகின்றன. கேசட்டும் இல்லை, பெட்டியும் இல்லை, டிவியும் இல்லை. அப்படியென்றால் ஓடுவது எது?

கேசட்டிலிருந்தே தொடங்கலாம். அதன் உள்ளே ஒலிநாடா எதுவும் கிடையாது. அழிக்க முடியாதபடி எண்கள் பதிக்கப்பட்ட சிப்கள்தான் இருந்தன. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி வரிகளை நிரப்பும் டெட்ரிஸை, நின்டெண்டோ 1989-ல் வெளியிட்ட வடிவத்தில் எடுத்துக்கொள்வோம். நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 16 கிலோபைட், மொத்தம் 48 கிலோபைட். இன்றைய போனில் எடுக்கும் சாதாரணப் புகைப்படத்தில் இது ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. அந்த எண்களைப் படித்து வேலை செய்த, பெட்டியின் சிப்புக்குள் இருந்தது 6502. சக் பெடிலும் அவருடைய குழுவினரும் 1975-ல் மாஸ் டெக்னாலஜி நிறுவனத்துக்காகச் செய்து 25 டாலருக்கு விற்ற பிராசசர் அது. அதில் இருந்த டிரான்சிஸ்டர்கள் சுமார் 3,500. அதற்குத் தெரிந்த கட்டளை வகைகள் 56. நொடிக்கு ஏறக்குறைய 17,90,000 துடிப்பு. வேலை செய்ய நினைவகம் 2 கிலோபைட். இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் இன்னொரு கணினி அதைப் போலவே நடித்துக் காட்ட முடிகிறது. இப்படி நடிக்கும் நிரலை எமுலேட்டர் என்கிறார்கள்.

எமுலேட்டரின் வேலையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். கேசட்டின் உள்ளடக்கத்தில் அடுத்த எண் எது என்று பார். அந்த எண்ணுக்கு உரிய வேலையைச் செய். உண்மையான சிப்புக்கு அதில் எத்தனை துடிப்பு ஆகியிருக்குமோ அதைக் கணக்கில் ஏற்று. 169 என்று வந்தால், 'அடுத்துள்ள எண்ணை எடுத்து முதன்மைப் பதிவகத்தில் வை' என்று பொருள், 2 துடிப்பு. 76 என்று வந்தால், 'பின்னால் வரும் முகவரிக்குத் தாவு', 3 துடிப்பு. ஏறக்குறைய 29,780 துடிப்பு சேர்ந்தால் டிவியில் ஒரு படம் முடிந்துவிடும். நொடிக்கு அப்படி 60 படம். ஸ்ரீரங்கத்தில் உபன்யாசகர் ஒரு சுலோகத்தைச் சொல்லி, நிறுத்தி, பொருள் விரித்து, பிறகு அடுத்த சுலோகத்துக்குப் போவாரே, அதே முறைதான். மூலத்தில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. கேட்பவருக்குத் தெரிந்த மொழியில் அது ஒவ்வொரு அடியாக நிகழ்த்தப்படுகிறது.

ஓர் இயந்திரத்தின் விவரணையைக் கொடுத்தால் அதன் வேலையை இன்னோர் இயந்திரம் செய்துவிடும் என்று ஆலன் டூரிங் காகிதத்தில் நிறுவியது 1936-ல். அப்போது உலகில் இன்றைய பொருளில் கணினி என்று ஒன்றே இல்லை. பிரவுசரில் டெட்ரிஸ் ஓடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தேற்றம் கண்முன் நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

பிரவுசருக்கு இந்தத் திறமை வந்த கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். வலைப்பக்கங்களுக்கு உயிர் கொடுக்க 1995-ல் பிரெண்டன் ஐக் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் முதலில் மிக மெதுவாக ஓடியது. பிற்பாடு வேகம் பிடித்தது. சி மொழியில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த எமுலேட்டர்களை அப்படியே பிரவுசருக்குக் கொண்டுவரும் எம்ஸ்கிரிப்டன் என்ற கருவியும் வந்து சேர்ந்தது. இணைய ஆவணக் காப்பகம் 2013 கடைசியில் பழைய கன்சோல் ஆட்டங்களைப் பிரவுசரிலேயே ஆடும்படி திறந்துவிட்டதற்கு அடிப்படை அதுதான். அப்படிக் கொண்டுவந்த நிரல்களை இன்னும் வேகமாக ஓட்டும் வெப்அசெம்ப்ளி 2017-க்குள் எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் வந்துவிட்டது. இன்று நடுத்தர விலைப் போனுக்குக்கூட 6502-ஆக நடிப்பது பாரமே இல்லை.

பாரமாக இருப்பது வேகம் அல்ல, நேரம். மேலே சொன்ன மூன்று வரிச் சுழற்சியின் ஒவ்வொரு அடியும் உரிய கணத்தில் விழ வேண்டும். திரையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பிரவுசர் நிரலைக் கூப்பிடும். அந்த அழைப்பை மட்டும் நம்பி எழுதிய எமுலேட்டர், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் புதுப் போனில் ஆட்டத்தை இரட்டை வேகத்தில் ஓட்டிவிடும். நன்றாக எழுதப்பட்டவை கடிகாரத்தைத் தனியே பார்த்துக்கொள்கின்றன.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் டிவி நொடிக்கு 60 படம் காட்டியது. இந்தியாவில் பின்பற்றிய முறையில் 50 தான். டெட்ரிஸில் கட்டை ஒரு வரி கீழே இறங்க எத்தனை படம் ஆக வேண்டும் என்றுதான் நிரலில் எழுதியிருக்கிறது. தொடக்க நிலையில் 48 படத்துக்கு ஒரு வரி. 60-க்கு எழுதிய ஆட்டத்தை 50-ல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும். நம் டிவிக்கு ஏற்பச் செய்த நகல் பெட்டியில் உறையூரிலோ தில்லைநகரிலோ ஆடிய பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட மெதுவான ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். இன்று நாற்பது வயதில் பிரவுசரில் அதைத் திறந்து, 'அப்போ இவ்வளவு கஷ்டமாக இல்லையே' என்று நினைப்பவர்கள் வயதை நொந்துகொள்ள வேண்டாம். ஆட்டம் உண்மையிலேயே வேகமாகியிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. விரல் அழுத்தியது திரையில் தெரியப் பழைய குழாய் டிவியில் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. இன்றோ பொத்தானுக்கும் படத்துக்கும் நடுவில் இயங்குதளம், பிரவுசர், திரை என்று ஆளுக்குச் சில மில்லிநொடி எடுத்துக்கொள்கின்றன.

பழைய இயந்திரத்தைக் காப்பாற்ற இன்னொரு வழி உண்டு. அதற்கு நல்ல உதாரணம் திருச்சி பொன்மலையிலேயே இருக்கிறது. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களின் மூல வடிவம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. பொன்மலை ரயில்வே பணிமனை அவற்றைப் பிரித்துச் செப்பனிடுவதோடு நிற்கவில்லை. 2011-ல் அதே வகையில், எண்ணெயில் ஓடும் புதிய எஞ்சினையே கட்டி முடித்தது. உருக்கால் செய்ததை மறுபடி உருக்காலேயே செய்யும் வழி இது. வீடியோ கேம் உலகிலும் சிப்பின் சுற்றமைப்பையே புதிய சிப்பில் மறுபடி அமைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு வழியிலும் மதிப்பு உண்டு. ஆனால் மலையேறும் எஞ்சினின் வேலை இழுப்பது. இழுவை இரும்பில் இருக்கிறது, அதைப் பிரவுசரில் காப்பாற்ற முடியாது. டெட்ரிஸ் அப்படி எதையும் இழுப்பதில்லை. அது விதிகளால் ஆனது. விதி எந்த இயந்திரத்தில் நடந்தாலும் அதே விதிதான்.

விதியோடு பிழையும் சேர்த்தி. எமுலேட்டர் உண்மையானதா என்று பார்க்க மூலத்தின் தவறுகளை அது சரியாகச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு டெட்ரிஸைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

6502-க்குப் பத்தடிமான எண்களை நேரடியாகக் கூட்டத் தெரியும். நின்டெண்டோவுக்காகச் செய்த சிப்பில் அந்த வசதி மட்டும் வேலை செய்யாது. ஆனால் திரையில் மதிப்பெண்ணைக் காட்டப் பத்தடிமான இலக்கங்கள் வேண்டும். ஆகவே நிரலாளர்கள் இலக்கம் இலக்கமாகக் கூட்டி, மீதியை அடுத்த இலக்கத்துக்கு ஏற்றும் வேலையைக் கையால் எழுதினார்கள். பெருக்கலும் அந்தச் சிப்புக்குத் தெரியாது. ஒரே சமயத்தில் நான்கு வரி அழித்தால் 1,200 மதிப்பெண், அதை நிலையின் எண்ணோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். நிரல் அதைத் திரும்பத் திரும்பக் கூட்டிச் செய்கிறது. பத்தாம் நிலையில் பதினோரு முறை. நூற்றைம்பதாம் நிலையில் நூற்றைம்பத்தோரு முறை.

நூற்றைம்பதாம் நிலைக்கு யார் போகப்போகிறார்கள்? 29-ஆம் நிலையிலேயே கட்டை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி இறங்கும். இருபது வரியும் மூன்றில் ஒரு நொடியில் முடிந்துவிடும். மனித விரலுக்கு அதற்கு மேல் வழி இல்லை என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டியின் பின்புறத்தை விரல்களால் தாளம் தட்டி, பொத்தானைக் கட்டைவிரல் மேல் மோதவிடும் முறையை இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்சன் 157-ஆம் நிலையில் ஒரு வரியை அழித்ததும் ஆட்டம் உறைந்து நின்றுவிட்டது.

மதிப்பெண் கணக்கு ஒரு படத்துக்கான 29,780 துடிப்புக்குள் முடியவில்லை. அடுத்த படத்துக்கான குறுக்கீடு நடுவிலேயே வந்துவிட்டது. அது சில இடங்களைக் கலைத்துவிட்டுப் போக, நிரல் போகக்கூடாத முகவரிக்குத் தாவி அங்கேயே செத்தது. 1975-ன் சிப்பில் இருந்து பின்னால் முடக்கப்பட்ட ஒரு வசதி, 1989-ல் சுற்றிவளைத்து எழுதிய கூட்டல், 2023-ல் ஒரு சிறுவனின் விரல்: மூன்றும் ஒரே கணத்தில் சந்தித்தன. துடிப்பைத் தோராயமாக எண்ணும் எமுலேட்டரில் இந்த மரணம் சரியான இடத்தில் நடக்காது. ஒவ்வொரு துடிப்பையும் எண்ணும் எமுலேட்டரில் நடக்கும். பிழையையும் மாற்றாமல் வைத்திருக்கும் அந்த இரண்டாவதைத்தான் நான் பாதுகாப்பு என்பேன்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. எமுலேட்டர் எழுதுவது வேறு, ஒருவருக்குச் சொந்தமான கேசட்டின் உள்ளடக்கத்தை நகலெடுத்துப் பரப்புவது வேறு. டெட்ரிஸுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அனுமதியோடு வரும் வடிவங்களும் பிரவுசரிலேயே கிடைக்கின்றன. ஆடுபவர்கள் அந்த வழியில் போவதே நியாயம்.

இனி ஆட்டத்துக்குள் போகலாம். மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 1980-களின் நடுவில் எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் இதை முதலில் எழுதினார். அதில் படம் வரையும் வசதி இல்லை. அடைப்புக்குறிகளை அடுக்கிக் கட்டை என்று காட்டினார். நான்கு சதுரங்களை ஒட்டினால் கிடைக்கும் வடிவங்கள் ஏழு. பத்துச் சதுர அகலமும் இருபது உயரமும் கொண்ட தொட்டி. வரி நிரம்பினால் மறையும். அவ்வளவுதான்.

அடுத்து எந்தக் கட்டை வரும்? நின்டெண்டோவின் நிரலில் 16 பிட் எண் ஒன்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீராகக் கலைந்துகொண்டே இருக்கிறது. 32,767 படிக்குப் பிறகு தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். அதில் எதிர்பாராதது என்று ஒன்றும் இல்லை. ஆடுபவர் ஸ்டார்ட் பொத்தானை எந்தப் படத்தில் அழுத்துகிறார், ஒவ்வொரு கட்டையையும் எந்தப் படத்தில் இறக்குகிறார் என்பதுதான் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. எமுலேட்டரில் அதே படங்களில் அதே பொத்தான்களை அழுத்தினால் அதே கட்டைகள் அதே வரிசையில் வந்தே தீரும். நாம் அதிர்ஷ்டம் என்று நினைப்பது நம் விரலின் நேரம்தான்.

வரப்போகும் கட்டைகள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தால் சுலபமா? இல்லை. அதிகபட்சம் எத்தனை வரி அழிக்கலாம் என்று கண்டுபிடிப்பது, கணினிகளுக்கே கடினம் என்று கருதப்படும் கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று எரிக் டிமெய்ன், சூசன் ஹோஹென்பெர்கர், டேவிட் லிபன்-நோவெல் மூவரும் 2002-ல் காட்டினார்கள். என்றென்றும் ஆடிக்கொண்டிருக்கலாமா என்றால் அதுவும் இல்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் மடிந்த இரண்டு வளைந்த கட்டைகள் மாறி மாறி வந்தால் 70,000 கட்டைகளுக்குள் தோல்வி நிச்சயம் என்று ஹெய்டி பர்கீல் 1997-ல் நிறுவினார்.

கணினி இல்லாமல் நிறுவக்கூடியதும் ஒன்று உண்டு. ஏழு வடிவங்களில் ஒவ்வொன்றையும் ஒரு முறை மட்டும் வைத்து, நான்குக்கு ஏழு என்ற செவ்வகத்தை நிரப்ப முடியுமா? 28 சதுரம், ஏழு கட்டைக்கு நான்கு வீதம் 28. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. செவ்வகத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளை அடித்துப் பாருங்கள். 14 கறுப்பு, 14 வெள்ளை. ஆறு வடிவங்கள் எங்கே வைத்தாலும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளையை மூடும். 'டி' வடிவம் மட்டும் மூன்றும் ஒன்றுமாக மூடும். மொத்தம் 15-க்கு 13. ஆகவே முடியாது. எத்தனை நாள் முயன்றாலும் முடியாது என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும் இந்த நிற வாதத்தைக் கணிதத்தின் அழகான வாதங்களில் ஒன்றாக நான் வைப்பேன்.

இதே வாதத்தை ஸ்ரீரங்கத்திலேயே பிறந்த ஒரு கட்டப் புதிரில் வைத்துப் பார்க்கலாம். தாயார் சன்னிதியை ஒட்டி வேதாந்த தேசிகருக்குச் சன்னிதி இருக்கிறது. 1268-ல் காஞ்சிபுரத்தின் தூப்புலில் பிறந்த அவர், அரங்கனின் திருவடி நிலைகளைப் பற்றி 1,008 சுலோகங்கள் கொண்ட பாதுகா சஹஸ்ரத்தை ஸ்ரீரங்கத்தில் ஒரே இரவில் இயற்றினார் என்பது வைணவ மரபு. அதில் சித்திர பத்ததி என்ற பகுதியில் 929, 930 ஆகிய இரண்டு சுலோகங்கள் ஒரு சோடி. சுலோகத்துக்கு 32 அசை. அவற்றை எட்டெட்டாக நான்கு வரிசையில் எழுதினால் சதுரங்கப் பலகையின் சரிபாதி. முதல் சுலோகத்தை அப்படி எழுதிவிட்டு, மேல் இடது மூலையில் குதிரையை வைத்து, ஒரு கட்டத்தையும் இரண்டு முறை மிதிக்காமல் 32 கட்டத்தையும் தாவி முடித்தால், மிதித்த வரிசையில் எழுத்துகள் இரண்டாம் சுலோகமாகின்றன. அதற்கும் பொருள் உண்டு, அதுவும் இலக்கணம் தவறாத சுலோகம்.

கட்டங்களை மேல் வரிசையிலிருந்து வரிசை வரிசையாக 1 முதல் 32 வரை எண்ணினால், குதிரை மிதிக்கும் முதல் எட்டுக் கட்டங்கள் இவை: 1, 11, 5, 15, 32, 22, 28, 18. இவை இரண்டாம் சுலோகத்தின் முதல் அடி. 32 எண்கள் கொண்ட அட்டவணையும் முதல் சுலோகமும் இருந்தால் போதும், இரண்டாவது தானே வரும். ஓலையில் வைத்தாலும் அச்சில் வைத்தாலும் பிரவுசரில் வைத்தாலும் விடை ஒன்றே. நின்டெண்டோவின் திரையும் இதே ஏற்பாடுதான்: 32-க்கு 30 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் எந்தச் சிறு படம் என்று ஓர் எண். எண்களின் வரிசை மாறினால் அதே சிறு படங்கள் வேறு காட்சியாகும்.

காஷ்மீரத்து ருத்ரடர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே தம் காவியாலங்காரத்தில் குதிரைப் பாய்ச்சலில் செய்யுள் அமைத்திருக்கிறார். நேராகப் படித்தாலும் பாய்ந்து படித்தாலும் அதே செய்யுள் வரும். தேசிகர் செய்தது இதைவிடப் பல மடங்கு கடினம், பாய்ந்தால் வேறொன்று வர வேண்டும்.

தேசிகரின் பாதையில் குதிரை தொடங்கிய கட்டத்துக்கே திரும்பி வருமா? நான்கு வரிசைப் பலகையில் அது யாராலும் முடியாது. ஓர வரிசைக் கட்டங்கள் 16, உள் வரிசைக் கட்டங்கள் 16. ஓரத்திலிருந்து குதிரை உள் வரிசைக்கு மட்டுமே தாவ முடியும். வட்டமாக முடிய வேண்டுமென்றால் ஓரம், உள், ஓரம், உள் என்று தவறாமல் மாறி மாறிப் போக வேண்டும். ஆனால் ஒவ்வொரு தாவலிலும் நிறமும் மாறுகிறது. அப்படியானால் ஓரக் கட்டங்கள் எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். இல்லையே! ஆகவே எங்கேயாவது உள் வரிசையிலிருந்து உள் வரிசைக்கு ஒரு தாவல் போட்டே ஆக வேண்டும், வட்டம் அங்கே உடைகிறது. தேசிகரின் பாதையில் அந்தத் தாவல் ஒரே ஒரு முறை வருகிறது, மிதிக்கும் வரிசையில் 16-வது கட்டத்திலிருந்து 17-வதற்குப் போகும்போது. இரண்டாம் சுலோகத்தின் முதல் பாதி முடிந்து அடுத்த பாதி தொடங்கும் இடம் அது.

பலகையின் மற்ற பாதியையும் கீழே சேர்த்து வரைந்துகொள்ளுங்கள். கடைசியாக, 32-வதாக மிதிக்கும்போது குதிரை நான்காம் வரிசையின் மூன்றாவது கட்டத்தில் நிற்கிறது. அங்கிருந்து ஐந்தாம் வரிசையின் முதல் கட்டம் சரியாக ஒரு தாவல் தூரம். மேலே ஓடிய அதே பாதையைக் கீழேயும் ஓடவிட்டால் 64 கட்டமும் நிறைந்துவிடும்.